அம்மா குடிக்காத தண்ணீர்

எங்கள் அம்மா எங்களைவிட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்தச் சித்திரையிலும் அதே வெயில்தான் காய்கிறது.

அம்மா பிறந்தது தென்காசிப் பக்கம். மணமாகி, மலையாளம் பேசும் மட்டாஞ்சேரிக்கு வந்தார்கள். அப்பா காலமான பிறகு கொச்சங்காடியில் ஒரு குடோனில் சுக்குத் தரம் பிரிக்கப் போய், என்னையும் தம்பியையும் ஆளாக்கினார்கள். சுக்கில் பூசிய சுண்ணாம்புத் தூசி பறக்கும் என்று அங்கே மின்விசிறி போடமாட்டார்கள். கழிப்பறைக்கு இரண்டு தெரு தாண்டிப் போகவேண்டும். அதனால் வேலைக்குப் போனால் மாலைவரை அம்மா தண்ணீரே குடிக்கமாட்டார்கள். கூட வேலை பார்க்கும் வயதான பெண்களுக்கு மட்டும் தூக்குச்சட்டியில் உப்புக் கஞ்சித்தண்ணீர் கொண்டுபோவார்கள்.

"நீங்களும் ஒரு வாய் குடிச்சா என்னவாம்?" என்று சண்டை போடுவேன்.

"எனக்குத் தாகமே எடுக்காது, போடி."

சுத்தப் பொய். வீட்டுப் படி ஏறியதும் ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடிப்பதைத் தினமும் பார்த்தவள் நான்.

போன சித்திரையில் ஒருநாள் மதியமே திரும்பிவிட்டார்கள். உடம்பு அனலாய்க் கொதித்தது. துளி வேர்வை இல்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எந்தக் காய்ச்சலுக்கும் சுக்குக் காப்பிதான். கொதிக்கக் கொதிக்கப் போட்டுக் கொடுத்து, கம்பளியால் போர்த்தி, சன்னலையும் சாத்தினேன். அம்மா எங்களுக்குச் செய்ததைத்தான் நானும் செய்தேன். பேச்சுக் குழறியபோதுதான் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஆட்டோ சேட்டனைக் கூப்பிட்டேன்.

"மோளே, இது காய்ச்சல் இல்ல, வெயிலு அடிச்சிருக்கு. கம்பளிய எடு, சன்னலத் திற" என்றவர், குடத்துத் தண்ணீரை அம்மாமேல் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். இரண்டு நாள் எல்லோரும் பாடுபட்டார்கள். அம்மா கண் திறக்கவில்லை.

கம்பளிக்குள் போன அந்த ஒரு மணி நேரத்தை யாராவது எனக்குத் திருப்பித் தரமாட்டார்களா என்று ஏங்குகிறேன். மாலையில் படியில் காலடி கேட்டால் என் கை இன்னமும் செம்பைத் தேடிப் போகிறது. அம்மாவைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது.

சேட்டனுக்கும், ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்த குடோன் பெண்களுக்கும் எங்கள் நன்றி. காரியம் முடிந்த மறுவாரமே அந்தப் பெண்கள் முதலாளி முன்னால் போய் நின்றார்கள். இப்போது குடோனுக்குப் பின்னாலேயே கழிப்பறை இருக்கிறது.

உறவுகளே, வெயிலில் வந்தவருக்கு உடம்பு கொதித்தால் தயவுசெய்து போர்த்திவிடாதீர்கள். இந்த நினைவு மலரோடு ஒரு குவளை நீர்மோரும் தருகிறோம். தாகமில்லை என்று சொல்லாமல் குடித்துவிட்டுப் போங்கள்.

தீராத ஏக்கத்துடன்,
மகள்