வாயால் கொடுத்த வயல்

மட்டக்களப்பில் சிவநேசத்துக்கு நாற்பது ஏக்கர் வயல் இருந்தது. மொன்றியலில், கார்ட்டியர்வில்லில், ஒன்றரை அறை வாடகை வீடு. கட்டிலில் படுத்துக்கொண்டே கையை நீட்டினால் அடுப்பை அணைத்துவிடலாம்.

வயல் தாய்வழியில் வந்தது. அந்தப் பக்கம் அப்படித்தான், காணி பூமி பெண்ணுக்குப் போகும், ஆண்பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவளைக் கட்டியதற்காக அவள் புருசனை ஊர் போடியார், பெரிய வயல்காரர், என்றது. நிலம் அவளுடையது, மரியாதை அவருக்கு. அவர் செத்து ஆறு வருசமாகிறது. ஒன்பது குடும்பங்கள் அந்த வயலை இன்னும் செய்துகொண்டிருந்தன. சண்டைக் காலத்தில் குத்தகை நெல் வரவில்லை, அவளும் கேட்கவில்லை. வெடிச்சத்தத்துக்குள் விதைப்பவனிடம் நெல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

2003 மார்ச்சில் அருமைராசா போன் எடுத்தான். ஒன்பது குடும்பங்களில் மூத்த கை அவன்.

“போடியாரம்மா, சமாதானமெண்டு றோட்டுத் திறந்தா மில்லுக்காரன் சங்கிலியோட வந்து நிக்கான். வயலை அளக்கான். நீங்க விக்கப்போறீங்களாம்.”

“ஆருடா சொன்ன? நான் விக்கல்ல.”

“இண்டைக்கு விக்க மாட்டீங்க. நீங்க கண்ண மூடினா? சாகிறதுக்கு முதல் ஒரு சொல்லச் சொல்லிப்போட்டுச் சாகுங்க. பேந்து உங்கட ஆவியிட்டயா போய்க் கேக்கிற?”

“எனக்கு முதல் நீ போயிருவாய், வெத்திலப் பையோட,” என்றாள். 

ஒரு கிழமை யோசித்தாள். பிறகு ஊர்ச் சட்டத்தரணியிடம் சொல்லிக் கடதாசி எழுதுவித்தாள். நாற்பது ஏக்கரும் ஊர்க் கமக்காரர் சங்கத்தின் பொதுக்காணி. எவனும் விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, செய்கிறவன் செய்துகொண்டிருக்கலாம். வியாழக்கிழமை இங்கே ஒரு நொத்தாரிசு முன்னால் அவள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

முடியவில்லை. எட்டு வருசத்துக்கு முன் மகள் தனுஷிகாவின் கலியாணத்தில், இருநூறு பேர் இருந்த மண்டபத்தில், யாரும் கேட்காமலே எழும்பி நின்று, “நாப்பது ஏக்கரும் என்ட மகளுக்கு” என்று சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலைக்காரன், வயல் எந்தப் பக்கம் என்றே கேட்கவில்லை. உறுதிப் பத்திரம் எழுதவும் இல்லை. சட்டத்தில் அது இன்னும் சிவநேசத்தின் காணிதான். ஆனால் சபையில் வாயால் கொடுத்தது கொடுத்ததுதான். மகள் ஓம் என்று சொல்லாமல் அவள் கை பேனையைப் பிடிக்காது.

சொல்லுவாள் என்றுதான் நினைத்தாள். மூன்று வயதில் ஊரை விட்டு வந்தவள், வரம்பு எது வாய்க்கால் எது என்று தெரியாதவள். ஞாயிறு காலை பஸ் ஏறிப் பியர்பொன்ட்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள்.

தனுஷிகா தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள். “இல்லம்மா. அது என்ட.”

“என்ன மனே விசர்க்கதை? கண்ணாலயும் காணாத வயல்.”

“காணுறன். வேல செய்யிற கார்டெரில, பாக்கிற பிள்ளையள் மத்தியானம் நித்திரை கொள்ளக்குள்ள நான் அங்க போறன். ஒவ்வொரு நாளும். தண்ணி ஊதா நிறத்தில நிக்கும். ஒரு சத்தமுமில்ல. நான் நடுவில நிப்பன்.”

“ஊதாத் தண்ணியா? வயல்ல சேறுதான்டி இரிக்கி. அட்டையும் இரிக்கி.”

“உங்கட வயல்ல இரிக்கும். என்ட வயல்ல இல்ல.”

சிவநேசம் எழும்பினாள். “சப்பாத்தப் போடு. வா வெளியில. எதக் குடுக்கச் சொல்றன் எண்டு பாத்திட்டு மாட்டன் எண்டு சொல்லு.”

வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரைப் பூங்கா. ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழும்பி மரங்களை இடுப்புவரை விழுங்கியிருந்தது. தரையெல்லாம் ஒரு கால்தடமும் இல்லாத வெண்பனி. சிவநேசம் சப்பாத்தால் பனியை இழுத்து இழுத்துக் கோடு போட்டுக்கொண்டு நடந்தாள்.

“இது வரம்பு. இதுக்குள்ள அருமைராசா. அங்கால கனகசிங்கம், பேய்ப்பய, வரம்ப வெட்டி வெட்டி ஒரு முழம் எடுத்திட்டான். இது புஷ்பராணி. புருசனப் புடிச்சிட்டுப் போன அண்டைக்கும் அவள் தண்ணி கட்டினவள்.”

பின்னால் மகள் அதே கோட்டில் அடி வைத்து வந்தாள். தூரத்தில் ஒரு நாய் குரைத்தது, அதுவும் நின்றது. சிவநேசம் ஒன்பது பேரையும் சொல்லி முடித்தபோது பனியில் ஒரு பெரிய வயல் கிடந்தது, நடுவில் வட்டமாய் ஓரிடம் மட்டும் கோடு படாமல். அதைச் சுற்றித்தான் அவள் நடந்திருந்தாள்.

“இது என்ன?”

“களவெட்டி. வெட்டின நெல்லச் சூடடிக்கிற இடம். பொம்பிளையள் மிரிக்கப்படாது.”

“உங்கட காணிதானே?”

“என்ட காணிதான். நான் ஒருநாளும் மிரிச்சதில்ல. அம்மாவும் மிரிச்சதில்ல.”

தனுஷிகா நேரே அதற்குள் போய் நடுவில் நின்றாள். மூட்டத்தில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி ஒன்பது துண்டுகளையும் பார்த்தாள்.

“அம்மா, இதில நாங்க செய்த துண்டு எது?”

சிவநேசம் கை நீட்டப்போனாள். விரலுக்கு இடம் கிடைக்கவில்லை. அருமைராசா, கனகசிங்கம், புஷ்பராணி என்று திரும்ப எண்ணிப் பார்த்தாள். எல்லாம் ஆளுக்காள் நிறைந்து கிடந்தது.

“நாம செய்த துண்டு ஒண்டும் இல்ல மனே,” என்றாள். அறுபத்திரண்டு வயதில் முதன்முறையாக அது அவள் காதிலும் விழுந்தது.

 மகள் பனிக்கோட்டில் ஒன்றையும் மிதித்து அழிக்காமல், ஒவ்வொரு வரம்பாய்த் தாண்டித் தாண்டி வெளியே வந்தாள்.

“குடுங்க,” என்றாள். “ஊதாத் தண்ணிய மட்டும் நான் வச்சிருக்கன்.”

“அத ஆரு கேட்ட? அட்டையோட சேத்து வச்சிரு.”

வியாழக்கிழமை மகள் பக்கத்தில் இருக்க, நொத்தாரிசு காட்டிய நாலு இடத்தில் சிவநேசம் பேர் எழுதினாள். கால் மணித்தியாலம் எடுத்தது. திரும்பும் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளி ஒன்று முடிய இன்னொன்று வந்தது, எதிலும் யாருடைய பேரும் இல்லை. சிவநேசத்துக்குக் கண் சொருகியது. அவள் இறங்கவேண்டிய கார்ட்டியர்வில் தரிப்பிடம் வந்தது, போனது. தனுஷிகா பார்த்தாள், எழுப்பவில்லை.