கம்பம் பிடுங்கட்டும்

எடப்பாடிப் பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி என்றால் எனக்குப் பொங்கலும் இல்லை, கிடாயும் இல்லை; கிளாரினெட்தான். கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், நோம்பி முடிந்து அதைப் பிடுங்கும்வரை தினமும் விடிந்ததும் பெண்களெல்லாம் ஈரத் துணியோடு அதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவோம். மேளக்காரர்களோடு நின்று கிளாரினெட்காரர் வாசிப்பார். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர். கடைசிக் குடத்துக்கு மட்டும், யாரும் கேட்காமலே, ஒரு மெட்டை இழுத்து இழுத்து வாசிப்பார். அதற்காகவே நான் வேண்டுமென்று கடைசியாகப் போவேன். தறிக்கு நூல் சுற்றாமல் அங்கே என்ன வேலை என்று என் வீட்டுக்காரர் கத்துவார். கத்தட்டும் என்று விட்டுவிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் அந்த மெட்டை அவர் வாசிக்கவில்லை. நான் சும்மா இருப்பேனா? அவர் வீட்டு வாசலுக்கே போய், எங்கள் தண்ணீர் இந்த வருஷம் இளப்பமாகிவிட்டதா என்று சண்டை பிடித்தேன்.

“வரமாட்டேங்குதுங்க அக்கா,” என்றார். “தூக்கமே இல்லீங்க. உசுரோட இருக்கறதே பாரமா இருக்குது. சேலத்துல மனசுக்குப் பாக்கற டாக்டர் இருக்காராமா. நீங்களும் அண்ணனும் என்னக் கூட்டிட்டுப் போறீங்களா?”

கம்பம் நிற்கும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் தங்கக் கூடாது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டால்? அதைவிட, பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனார் என்று பேச்சுக் கிளம்பினால், அப்புறம் எந்தக் கல்யாண வீட்டில் கூப்பிடுவார்கள்? இத்தனையும் ஒரு நொடியில் யோசித்த புத்திசாலி நான்.

“கம்பம் பிடுங்கட்டும் சாமி, அப்பறம் பாக்கலாம்,” என்றேன்.

கம்பம் பிடுங்க நான்கு நாள் இருந்தது. மூன்றாம் நாள் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

வயிற்று வலி தாங்காமல் போய்விட்டார் என்றார்கள். எங்கள் பக்கத்தில் இப்படிப் போகிற எல்லோருக்கும் வயிற்று வலிதான். அவர் மனைவி அதையே சொன்னாள். கேட்டவர்களுக்கு நானும் அதையே சொன்னேன்.

அடுத்த வருஷமும் கடைசிக் குடத்தோடுதான் போனேன். ஊற்றிவிட்டு, எதற்கென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். நூல் சுற்றும்போது அந்த மெட்டை முனகிப் பார்ப்பேன். பாதியில் அறுந்துவிடும், மீதி அவரிடம்தான் இருந்தது. அவர் திரும்பி வர வேண்டும், ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டும் என்று ஏங்கினேன். இதை எந்த வெட்கமும் இல்லாமல் சொல்கிறேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து எனக்கும் வந்தது. சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் கூப்பிட்டால் எரிச்சல். தனியாக இருக்கவே பயமாக இருந்தது. உள்ளூர் டாக்டரிடம் வயிற்று வலி என்றேன்; வாய் பழகிவிட்டதே. மூன்று மாதம் வயிற்றுக்கு மருந்து குடித்தேன். கடைசியில் என் வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கத்தவில்லை. நாளைக்கே சேலம் போகலாம் என்றார். அப்போதும் கோயிலில் கம்பம் நட்டிருந்தார்கள்.

பஸ்ஸுக்குக் கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். மேளம் இருந்த இடத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. கம்பம் நிற்கும்போது பையோடு எங்கே பயணம் என்று பெண்கள் கேட்டார்கள். பக்கத்துக் குழாயடியில் கிளாரினெட்காரர் மனைவி குடத்தோடு நின்றாள். வயிற்று வலி என்று சொல்லும்படி என் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார்.

“மனசு செரியில்லீங்க. அதுக்குப் பாக்கற டாக்டர்கிட்டப் போறேன். தங்கச் சொன்னாத் தங்கிட்டுத்தான் வருவேன்,” என்றேன்.

சொன்ன வாயோடு குழாயடிக்குப் போனேன். அன்றைக்கு அவள் புருஷன் என்னிடம் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். காறித் துப்புவாள் என்றுதான் நின்றேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

“மொதல்ல எங்கிட்டத்தானுங்க அக்கா கேட்டாரு,” என்றாள். “நானும் கம்பம் பிடுங்கட்டும்னுதான் சொன்னேன்.”

பஸ் வரும்வரை இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். குடம் அங்கேயே இருந்தது.