எத்திராஜ் மரம் பார்க்கிறார்

முதலில் முகர்ந்து பார்த்தார். அடுத்து இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பலகையில் காதை வைத்தார். கடைசியாக, கையோடு கொண்டுவந்திருந்த பெயிண்ட் வாளியில் தண்ணீர் பிடித்து, பலகையிலிருந்து செதுக்கிய ஒரு சில்லை அதில் போட்டார். தேக்குதான். மிதந்தது. ஆனால் இடதுபக்கம் லேசாகச் சாய்ந்து மிதந்தது.

"சாயுது மாமு. வேற காட்டு."

தண்டையார்பேட்டையில் எத்திராஜ் இப்படித் தள்ளுபடி செய்துகொண்டிருக்கும் நாலாவது மரக்கடை வில்சனுடையது. முகத்துவாரக்குப்பத்திலிருந்து நாற்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர் எத்திராஜ். மரம் என்றால் மிதக்க வேண்டும், அதுவும் நேராக மிதக்க வேண்டும். இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. இப்போது அவர் ஓட்டுவது ஃபைபர் படகு என்பது வேறு விஷயம், கொள்கை கொள்கைதான்.

வாங்க வந்ததோ கட்டிலுக்கு மரம். மனைவி மங்கம்மா முழங்கால் ஆபரேஷன் முடிந்து வெள்ளிக்கிழமை வீடு திரும்புகிறார். இனித் தரையில் படுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பவை இரண்டு பாய்கள். இன்றைக்குச் செவ்வாய்.

"இன்னிக்கு மரம் எடுக்கலேன்னா நான் ஸ்டூல்தான் செஞ்சு குடுப்பேன் நைனா. அக்கா அதுல குந்திகினே தூங்கட்டும்" என்றார் கூட வந்திருந்த தச்சர் ஜெயவேல்.

எத்திராஜ் அசரவில்லை. மூலையில், ஹார்பரில் பிரித்த பெட்டிகளின் பலகைகள் கிடந்தன. ஒரு சில்லு வாளிக்குள் போனது. அன்னம் மாதிரி மிதந்தது.

"பாத்தியா! இன்னா நேரா கீது!"

"அது மெஷின் கட்டினு வந்த பொட்டி, நைனா. அக்கா குந்துனா புட்டுக்கும்."

தீர்ப்புக் கேட்க ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, வாளியில் சில்லு மிதந்த கதையைச் சொன்னார் எத்திராஜ். ஸ்பீக்கரில் மங்கம்மாவின் குரல் வந்தது. மீன் ஏலம் விட்டுப் பழகிய குரல். எதிர்க்கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"யோவ், நான் படுக்கப்போறனா, வல வுடப்போறனா? நான் கைய ஊனி எந்திரிச்சா ஆடக் கூடாது, வளையக் கூடாது. மொதல்ல அந்த வாளியத் தூக்கிக் கடாசு!"

வில்சன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உள்ளேயிருந்து தடித்த வேங்கைப் பலகை ஒன்றை இழுத்து வந்து, இரண்டு கட்டைகள்மேல் கிடத்தினார்.

எத்திராஜ் முகரவில்லை, தட்டவில்லை. படுத்தார். பிறகு கால்களைத் தொங்கவிட்டு, வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இடது கையை ஓரத்தில் ஊன்றி, "யம்மாடியோவ்" என்று மங்கம்மா எழுந்திருப்பதுபோலவே எழுந்தார். பலகை அசையவில்லை. மறுபடியும் படுத்தார். இந்தமுறை உடம்பின் மொத்தப் பாரத்தையும் அந்தக் கையில் இறக்கினார். வேங்கை வாயைத் திறக்கவில்லை.

தோளில் கிடந்த துண்டை உதறி, பஸ்ஸில் இடம் பிடிப்பதைப்போல அந்தப் பலகைமேல் போட்டார்.