குறைந்துபோன கால் அங்குலம்

பொங்கலன்று என் மகளின் உயரம் கால் அங்குலம் குறைந்திருந்தது. முந்தைய பொங்கலில் நான்கு அடி ஒன்பதரை அங்குலம். இப்போது நான்கு அடி ஒன்பதேகால். வயது பதின்மூன்று. வளர வேண்டிய பிள்ளை.

நான் மலாயாவில், ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் டிரெஸ்ஸர் (தோட்டத்து மருந்துச் சாலையை நடத்துபவர்). பதினேழு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். காய்ச்சல் கண்டவர் பெயர், குயினைன் கொடுத்த வேளை, மழை பிடித்த நேரம் எல்லாம் அதில் உண்டு. அன்று 'சென்ற ஆண்டு அளவில் பிழை' என்று எழுதி, பழைய எண்ணைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினேன். அளவெடுப்பதில் நான் பிழை செய்பவன் அல்ல. அது அப்போதே எனக்குத் தெரியும். சரோஜாவின் உடம்பில் பிழை இருப்பதைவிட என் குறிப்பில் பிழை இருப்பது தாங்கக்கூடியதாக இருந்தது.

முதுகு வளைந்த பிள்ளையைப் பெற்றவர்கள் இதைப் படித்தால், நான் செய்ததைச் செய்யாதிருக்க வேண்டும். அதற்காகவே எழுதுகிறேன்.

மாசி மாதம் சரோஜா பெரியவளானாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் வந்து மஞ்சள் நீர் ஊற்றினார்கள். மறுநாள் காலை, பால்மரம் வெட்டும் அங்கம்மா மருந்துச் சாலை வாசலில் நின்றாள். மற்றவர்கள் மருந்து வாங்கிப் போகும்வரை காத்திருந்து உள்ளே வந்தாள்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. பாப்பாவுக்கு வலது பக்கம் தோள்பட்டை பிதுங்கி நிக்குது. தலையில ஊத்துன தண்ணி நடு முதுகுல எறங்கல. ஒரு பக்கமாவே ஓடுது."

"பால் வாளியை ஒரே தோள்ல தூக்குறவங்களுக்குத்தான் அப்படி வரும். எம்மக வாளியா தூக்குறா?"

"கண்ணால பாத்ததச் சொன்னேன்யா."

"வெளியில யார்கிட்டயாவது சொன்னே, நடக்கிறது வேற."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சில வாரங்களில் அவள் காலில் கத்தி பட்டுப் புண்ணானது. வேப்பிலையும் மஞ்சளும் வைத்துக் கட்டிக்கொண்டு நொண்டியபடி வேலைக்குப் போனாள். என்னிடம் வரவில்லை. 'அங்கம்மா, இடது கால் புண், மருந்துக்கு வரவில்லை' என்று அதையும் குறித்து வைத்தேன். காரணத்தை எழுதவில்லை.

பெரியவளான மகளின் முதுகைத் தகப்பன் பார்ப்பது எங்களில் வழக்கமில்லை. அந்த வழக்கத்தின் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொண்டேன். டிரெஸ்ஸர் மகளுக்குக் கூன் என்ற பேச்சு தோட்டம் தோட்டமாகப் போனால் நாளை யார் பெண் கேட்டு வருவார்கள்? இதுதான் என் கவலை. அவளுக்கு வலிக்கிறதா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக வைத்தியம் செய்தேன். மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் படுக்க வைத்தேன். தலையில் புத்தகம் வைத்து நடக்கச் சொன்னேன். சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னேன்.

"நேரா நில்லு."

"நேராத்தான்பா நிக்கிறேன். எனக்கு இதுதான் நேரா இருக்கு."

அதை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொண்டேன். பின்னாளில் நாட்குறிப்பைப் புரட்டியபோது 'சரோஜா கூனினாள், கண்டித்தேன்' என்ற வரி நாற்பத்தொரு இடங்களில் இருந்தது. ஒரே கையெழுத்து, ஒரே சீர்.

கார்த்திகையில் ஒரு காலை, என் மனைவி அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் சீப்பை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"பின்னல் நடு முதுகுல நிக்க மாட்டேங்குது. தோட்டத்துச் சனம் அத்தனை பேரு முதுகுலயும் குழல வச்சுப் பாக்குறீங்க. பெத்த மக முதுகு மட்டும் ஆகாதா? நாளைக்குக் காலையில நீங்க கூட்டிட்டுப் போகலைன்னா அங்கம்மாவக் கூட்டிக்கிட்டு நான் பஸ் ஏறிருவேன்."

மறுநாள் மலாக்கா பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீண்ட நடைபாதையில் தெரிந்த முகம் ஏதாவது வருமோ என்று பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். எங்களைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சரோஜாவை முன்பக்கமாகக் குனிந்து, கைகளைத் தொங்கவிடச் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இஞ்ச பாருங்கோ. நீங்கள் டிரெஸ்ஸர்தானே? பாத்துப் பழகுங்கோ."

பார்த்தேன். குனிந்த முதுகின் வலப்பக்கம் விலா எலும்புகள் மேடிட்டிருந்தன, இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. தவறாக வெட்டிய மரத்தில் பட்டை ஆறும்போது முடிச்சு விழுந்து புடைத்து நிற்கும், அது போல. இந்த முதுகைத்தான் இத்தனை மாதமாகச் சுவரோடு ஒட்டச் சொல்லியிருந்தேன்.

"எப்ப தொடக்கம் இது?"

"ரெண்டு மாசம் இருக்கும்," என்றேன்.

குனிந்த நிலையிலேயே சரோஜாவின் குரல் வந்தது. "பத்து மாசம் டாக்டர். பொங்கலப்போ உயரம் குறைஞ்சிருச்சு. அப்பா டயரியில இருக்கு."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நோயின் பெயர் ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, அதோடு திருகியும் கொள்ளும் நிலை). திருகுவதால்தான் விலா ஒரு பக்கம் மேலே எழும்புகிறது. சில பிள்ளைகளுக்கு இளம்பிள்ளை வாதத்தாலும் எலும்புருக்கி நோயாலும் வரும். சரோஜாவுக்கு இரண்டும் இல்லை. இவளைப் போன்ற பல பிள்ளைகளுக்குக் காரணமே தெரிவதில்லை என்றார்.

"கூனி இருந்ததாலதானே டாக்டர்?" என்றேன்.

"இல்லை. பிள்ளையின்ர பிழை ஒண்டும் இல்லை. அவவை ஏசி நிமித்தேலாது. வளருற காலத்திலதான் வளைவு கூடும். இன்னும் ரெண்டு வருசம் வளருவா. அதுக்குள்ள இதைப் பிடிச்சு நிப்பாட்ட வேணும். விட்டால் நெஞ்சுக்கூடு நெரிஞ்சு மூச்சுக்கும் கஷ்டம் வரும்."

அடுத்த வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். ஓர் இரும்புச் சட்டத்தின் கீழ் நிறுத்தி, தாடையிலும் பிடரியிலும் தோல்பட்டை கொடுத்து, குதிகால் தரையை விட்டு எழும்வரை மேலே இழுத்தார்கள். உடம்பு நீண்டிருந்த அந்த நிலையிலேயே, நனைத்த மாவுத் துணியை அக்குளிலிருந்து இடுப்புவரை சுற்றினார்கள். அவள் கண்ணில் நீர் வழிந்தது. தாடை கட்டுண்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

பதின்மூன்று மாதம். நான்கு முறை கட்டு மாற்றினார்கள். எங்கள் ஊர் வெக்கையில் உள்ளே வியர்த்து அரிக்கும். ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்து ஒருமுறை புண்ணானது. அப்படிச் செய்யக் கூடாது. கட்டின் ஓரங்களில் தினமும் தோலைப் பார்க்க வேண்டும். குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைப்பது மட்டும்தான்.

முதல் கட்டு போட்ட பிறகு லயத்துக்குப் போய் அங்கம்மாவைப் பார்த்தேன். காலில் புண் ஆறித் தழும்பாகியிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சரியாக வரவில்லை.

"விடுங்கய்யா. பாப்பா நல்லா இருந்தா போதும்லா." பிறகு, "அப்ப வாளி தூக்குறதால வளையலையாமே? இனிமே இடுப்பு வலின்னு வந்தா என்னா சொல்லி வெரட்டுவீங்க?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உரியதுதான். அதன்பின் அங்கம்மா நாள் தவறாமல் மாலையில் வந்து, சரோஜாவுக்குக் கட்டின் இடுக்கில் விசிறிவிட்டுப் போனாள்.

கடைசிக் கட்டை வெட்டி எடுத்த நாளில் சரோஜா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "விழுந்துருவேன் போல இருக்குப்பா. உடம்பு என்னோடது மாதிரியே இல்ல."

டாக்டர் படங்களை ஒப்பிட்டார். "நிப்பாட்டிப் போட்டம். ஆனால் முழுக்க நிமித்தேலாது. வெள்ளனக் கொண்டு வந்திருந்தால் இதைவிடக் குறைவாய் நிண்டிருக்கும்."

எவ்வளவு குறைவாக என்று கேட்டேன். அதை யாரும் அளந்து சொல்ல முடியாது என்றார்.

அந்தப் பொங்கலில் சரோஜா தானாகவே வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நான்கு அடி பதினொன்று. "இந்தத் தடவை அடிக்காம எழுதுங்க," என்றாள். எழுதிவிட்டு, பழைய பக்கத்தைத் திறந்து, சிவப்பு மையில் அடித்த எண்ணின் கீழ் 'இதுவே சரி' என்று சேர்த்தேன்.

இப்போது மாதம் ஒருமுறை, தாயார் பக்கத்தில் நிற்க, அவள் குனிகிறாள். ரவிக்கையின் மேலாக என் உள்ளங்கையை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்துகிறேன். நடுவில் கை மேலேறுகிறது. கூடவில்லை, குறையவும் இல்லை. அந்த ஏற்றத்தில் எவ்வளவு நோயுடையது, எவ்வளவு என் பத்து மாதத்துடையது என்று எனக்குத் தெரியாது. "போதுமாப்பா?" என்று அவள் கேட்கும்வரை கையை எடுப்பதில்லை.