பழைய காருக்கு ஐந்தாவது பட்டை

வண்டி நன்றாக ஓடும்வரை ஸ்பிரிங் போட்டவனை ஒருவருக்கும் நினைவு வராது. பின்பக்கம் தொங்கிய அன்று காலை எட்டு மணிக்கே வாசலில் நிற்பார்கள். கராஜ், டயர் கடை, பெயிண்ட் கடை, எங்கே வேலை பார்த்தாலும் நீங்களும் இதை அனுபவித்திருப்பீர்கள். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எனக்கு முப்பத்தோரு வருடம். தண்ணீர் டேங்கர், பிக்அப், பள்ளி பஸ் என்று எல்லாவற்றுக்கும் ஸ்பிரிங் பட்டை, அதாவது வண்டியின் எடையைத் தாங்குகிற வளைந்த இரும்புப் பட்டை, போட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் மாட்டிய ஒவ்வொரு செட்டின் அளவையும் நோட்டில் எழுதி வைப்பேன். இப்போது ஓடுவது பதினாலாவது நோட்டு. அதில் ஒன்பது பக்கத்தை ஒரே ஒரு கார் எடுத்துக்கொண்டது.

மூக்கால் நடந்த கார்

ஆரஞ்சு நிறம், இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், அறுபத்தொன்பதாம் வருடத்து அமெரிக்கக் கார். அது எங்கள் சந்துக்குள் திரும்பியபோது எதிர்க்கடைத் தகரக் கதவு அதிர்ந்தது. கையில் இருந்த டீயை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. ஓட்டி வந்தவர் ரஷீத், உள்ளூர் அரபி, அரசாங்க ஆபீஸில் வேலை. எங்களுக்குள் பேச்சு இந்தியில்தான்; இங்கே தமிழில் எழுதுகிறேன். பிக்அப்புக்குப் பட்டை கூட்டிப் பழகிய ஊர் இது. கூடப் போட்டால் கூடப் பலம் என்று நினைத்து, ஏழு பட்டை உள்ள கனமான செட் ஒன்றை நெட்டில் பார்த்து வரவழைத்து மாட்டியிருந்தார். தரையிலிருந்து பின் மட்கார்டு விளிம்புவரை அளந்தேன். 705 மில்லிமீட்டர். இருக்க வேண்டியது 660. பின்பக்கம் வானத்தைப் பார்க்க, முன்பக்கம் தரையை மோந்துகொண்டிருந்தது.

எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். ரஷீத் தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர், ஸ்பீட் பிரேக்கர் வந்தா முதல்ல என் பல்லு ஏறி இறங்குது. கார் அப்புறம்தான் வருது."

தரைக்கும் ஓர் அளவு

நாலு பட்டை போதும் என்று முடிவு செய்தேன். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப்பை முன்பாதியில் இறுக்கமாகவும் பின்பாதியில் தளர்வாகவும் விட்டால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு துள்ளாது. பயணமும் மெத்தென்று இருக்கும். மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்தில் எடை வந்த பிறகே பட்டை முனையில் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளை முறுக்கினேன். அளந்தால் இடது 660, வலது 654. மூன்று தடவை அளந்தும் அதே ஆறு மில்லிமீட்டர். பிறகுதான் எங்கள் கராஜ் தரை தண்ணீர் வடிவதற்காகச் சரித்துப் போட்ட தரை என்பது நினைவுக்கு வந்தது. சக்கரத்துக்கு அடியில் தகடு வைத்து மட்டம் பார்த்தேன். இரண்டு பக்கமும் 660! சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். நான் சிரித்து இந்தச் சந்தில் யாரும் கேட்டதில்லை.

பட்டையைக் காய்ச்சி வளைக்கிற கான் பாய், பெஷாவர்க்காரர், பதினெட்டு வருடமாக என் பக்கத்தில் நிற்கிறவர், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "உஸ்தாத், பூமி உருண்டைன்னு சொல்றாங்க. நாளைக்கு அதுக்கும் தகடு வைக்கச் சொல்லாதீங்க."

ஒரே ஒரு தடவை

வெள்ளிக்கிழமை வெளியே போய்விட்டு, அடுத்த சனிக்கிழமை கார் திரும்பி வந்தது. பின்சக்கர டயரின் வெளி ஓரம் இரண்டு பக்கமும் தேய்ந்து, மட்கார்டுக்குள் ரப்பர் கருகிய வாடை. அளந்தேன், 660. பட்டை ஒன்றும் இறங்கவில்லை. இறங்காத வண்டியில் டயர் எப்படி உரசும்? குனிந்து பார்த்தேன், படுத்துப் பார்த்தேன். வழியில் டிக்கியில் என்ன ஏற்றினீர்கள் என்று ரஷீத்திடம் கேட்டேன். "மாஃபி" என்றார். ஒன்றுமில்லையாம். பெரிய மனிதர், திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போனை எடுத்து யாரோ ஒருவரின் படத்தைக் காட்டி, அமைதியாகச் சொன்னார்: "இவர் குவைத்துல இருக்கார். மூணு வருஷமா இந்தக் காரைக் கேட்கிறார். இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்க மாஸ்டர். அடுத்த வெள்ளிக்கிழமையும் உரசினா கலாஸ், முடிஞ்சது, கார் அவருக்குத்தான்."

கழுவி வந்த டிக்கி

மூன்று வருடமாகக் கேட்டும் கொடுக்காத காரை ஒரு மனிதர் என் பட்டையால் விற்கப்போகிறார்! செவ்வாய்க்கிழமை ரஷீத் வீட்டு டிரைவர் செல்வராஜ் காரைக் கொண்டுவந்து விட்டார். இலங்கை அட்டன் பக்கத்துக்காரர். தமிழில் கேட்பதற்கு எனக்குக் கூச்சம் பாதிதான். வெள்ளிக்கிழமைகளில் இந்தக் கார் எங்கே போகிறது என்று கேட்டேன். எங்கே போகும், பாலைவனத்துக்குத்தான் என்றார். பெரிய வண்டியைச் செல்வராஜ் ஓட்டுவார், அதில் பெண்களும் பிள்ளைகளும். இந்தக் காரில் ரஷீத்தும், பின்சீட்டில் இரண்டு மச்சான்களும் ஒரு சித்தப்பாவும். சாமான்களா? எல்லாம் இந்த டிக்கியில்தான்.

நோட்டை விரித்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஐஸ் பெட்டி 38 கிலோ, கம்பளம் 14, நாற்காலி நாலு 16, கரி மூட்டை 10, அடுப்பு 9, தண்ணீர்க் கேன் 20, மண்வெட்டியும் கயிறும் 7. ஆக 114. ரஷீத் பொய் சொல்லவில்லை. தான் கையால் தூக்காத சாமான் அவர் நினைவில் சாமானாகவே இல்லை. 114-ஐச் சுற்றி வட்டம் போட்டேன். ஆனால் இரண்டு தடவையும் டிக்கி காலியாகத்தானே வந்தது என்று கேட்டேன்.

செல்வராஜ் ஏதோ தப்பு செய்துவிட்டது போல என்னைப் பார்த்தார்: "நான்தானே அண்ணே ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் எறக்கி, கழுவித் தொடச்சி அனுப்பினேன். ஒங்க முன்னுக்குக் குப்பையோட நிப்பாட்ட ஏலுமா?"

ஆறு கேன், மூன்று ஆள்

இருபது கிலோ தண்ணீர்க் கேன் ஆறு எடுத்து டிக்கியில் அடுக்கினேன். மொத்தம் 120. கடைசிக் கேனிலிருந்து ஆறு லிட்டரை வாளியில் ஊற்றினேன், 114. பின்சீட்டில் கான் பாயையும் பக்கத்து டயர் கடைக்காரர்கள் இருவரையும் உட்கார வைத்தேன். அளந்தால் 598! டயர் மட்கார்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி நான் கத்த, சந்தே கூடிவிட்டது.

வளைந்த நாலு பட்டைக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு நேர்ப்பட்டை வேண்டும். வெறும் வண்டியில் அது சும்மா கிடக்கும். சுமை ஏறினால் மேலே உள்ளவை இறங்கி வந்து அதன்மேல் உட்காரும். கான் பாய் இரண்டு நாளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டை அடித்துக் கொடுத்தார். மாட்டினோம். காலியாக 665. மறுபடியும் கேன், மறுபடியும் ஆட்கள். 624! டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் இரண்டு விரல் போய் வந்தது. டயர் கடைக்காரர்கள் கைதட்டினார்கள். ஆள் எடையையும் எழுதிவிட வேண்டுமே என்று தராசைக் கொண்டுவரச் சொன்னேன்.

கான் பாய் காரிலிருந்து இறங்காமலே என்னை ஜன்னலருகே கூப்பிட்டார்: "உஸ்தாத், என் எடையை நோட்டுல எழுதிக்குங்க. சத்தமா மட்டும் படிக்காதீங்க."

வெள்ளிக்கிழமை

சித்தப்பாவுக்கு அன்று வர முடியவில்லை. அந்த இடத்தில் நீங்கள் வாருங்கள் என்றார் ரஷீத். சித்தப்பா தொண்ணூறு கிலோவாம். நான் ஐம்பத்தெட்டு. முப்பத்திரண்டு குறைகிறதே! ஒரு முழுக் கேனும், இன்னொன்றில் பன்னிரண்டு லிட்டரும் என் காலடியில் வைக்கச் சொன்னேன். மச்சான்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் ஒண்டி, மட்கார்டு இருக்கும் பக்கத்து உள்சுவரில் காதை வைத்துக்கொண்டேன்.

பாலைவனத்துக்குப் போகும் மதாம் ரோட்டில் ரஷீத் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. எஞ்சின் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. ஆக்ஸில் துள்ளவில்லை. முதல் ஸ்பீட் பிரேக்கர்: பட்டை இறங்கி ஏறியது, வேறு சத்தமே இல்லை. இரண்டாவது, மூன்றாவது, பதினோராவதுவரை எண்ணினேன். மணல் தொடங்குகிற இடத்தில் நிறுத்தியதும் குதித்து இறங்கி மட்கார்டுக்குள் கைவிட்டேன். கையில் கறுப்பே இல்லை. அறுபத்திரண்டு வயதில் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். ரஷீத் என் தோளைப் பிடித்தார். பிறகு குவைத்துக்குப் போன் போட்டு அரபியில் பேசினார். மச்சான் ஒருவர் அதை எனக்கு இந்தியில் சொன்னார்: "காரை விற்கலைன்னு சொல்றார். காருக்குப் பதிலா உங்களைக் கேட்டாலும் கொடுக்க மாட்டாராம்."

ஸ்பிரிங் தேர்வு செய்கிற தோழர்களே, டேப்பை விரிப்பதற்கு முன் வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்டுவிடுங்கள், அதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நான் ஒரு ஆறு மில்லிமீட்டருக்காகத் தரையை அளந்துகொண்டிருந்தேன்.