ஒட்முண்ட் பூட்டிவைத்த கடல்

ஒட்முண்டிடம் எதைப் பற்றியும் கேட்கலாம். ஜெப வீட்டில் கோப்பி குடிக்கும்போது தன் மூலவியாதியைப் பற்றிக்கூடக் கூச்சமில்லாமல் சொல்லுவார். இறால் எங்கே பட்டது என்று மட்டும் கேட்கக்கூடாது.

"கடலிலதான்" என்பார்.

எங்கள் தீவில் எல்லா மீன்பிடிகாரரும் அப்படித்தான். ஆனால் இவர் ஒரு படி மேலே. இறால் இருக்கும் இடத்தை மட்டுமல்ல, மடி, அதாவது வலை, சிக்கும் இடத்தையும் ஒளித்துவைத்தார். கடலடியில் பாறை முனைகள் உண்டு, போர்க்காலத்தில் மூழ்கிய கப்பல்கள் உண்டு. இழுவைமடி அதில் மாட்டினால் கம்பி இறுகி, சின்னப் படகைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். அந்த இடங்களின் குறிப்பைப் படகில் வைத்தால் துறைமுகத்தில் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் பூட்டிவைத்தார். போகிற நாளில் தேவையானதை ஒரு காகிதத் துண்டில் எழுதிக்கொண்டு போவார், வந்ததும் அடுப்பில் போட்டுவிடுவார்.

அவருக்கு இடுப்பெலும்பு மாற்றிய பிறகு, சமைத்துக் கொடுக்க நகரசபை என்னை அவர் வீட்டுக்கு அனுப்பியது. மகன் ஷூர் எண்ணெய்க் கிணற்று வேலையை விட்டுவிட்டு வந்தான், படகை எடுத்து நடத்த. நல்ல பிள்ளை. கம்ப்யூட்டர் திறக்காமல் அடம்பிடித்தபோது, உள்ளே இருந்ததை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுத்துவைத்து, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டான். அதே பெயர், அதே பாஸ்வேர்ட்.

"அப்பா, கோப்பெல்லாம் இருக்கு. திறந்தால் எனக்கு அனுமதியில்லை எண்டுது."

"என்ர வீட்டில எனக்கே அனுமதியில்லையாமோ?" என்று ஒட்முண்ட் சிரித்தார்.

கரையில் கம்ப்யூட்டர் திருத்துகிற பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"பெயரும் பாஸ்வேர்டும் ஒண்டுதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு நீங்கள் இப்ப வேற ஆள், ஐயா. கோப்பைப் பூட்டின திறப்பு, அதுதான் சாவி, பழைய விண்டோஸுக்குள்ள இருந்தது. அதை அழிச்சாச்சு. திறப்பை வேற இடத்தில எடுத்து வையுங்கோ எண்டு மூலையில ஒரு அறிவித்தல் வந்திருக்குமே?"

"வந்தது. மூக்கில மொய்க்கிற இலையான் மாதிரி வந்து வந்து நிண்டது. கலைச்சுவிட்டன்."

"அப்ப இனி வழியில்லை."

ஒட்முண்ட் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

எழுதிவைத்த ஒன்றை மனம் தூக்கிச் சுமப்பதில்லை. கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடி யோசித்துப் பார்த்தார். சிலது வந்தது, சிலது வரவில்லை.

"தொர்கில்ஸிட்டக் கேளுங்கோ அப்பா" என்றான் ஷூர். தொர்கில்ஸ் பக்கத்து வீட்டுக்காரர், அவரும் இறால்தான் பிடிக்கிறார்.

"போன வருசம் மடி கிழிஞ்சு வந்து, எங்கெங்க சிக்கும் எண்டு என்னட்டக் கேட்டவன். கடல் பெரிசு எண்டு சொல்லி அனுப்பினனான். இப்ப எந்த முகத்தோட போறது?"

"அப்ப நான் மெதுவாக் கடலுக்குப் போய்ப் பாக்கிறன்."

"நில். இன்னும் யோசிக்கிறன்."

அவன் நிற்கவில்லை. அடுத்த நாள் தென்மேற்கில் அலை எழும்பியிருந்தது. நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஒட்முண்ட் குசினியில், படகுகளோடு பேசுகிற ரேடியோவைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். "வெளித்திட்டுக்கு மேற்க வந்திட்டன்" என்று ஷூரின் குரல் வந்தது. வெளித்திட்டு என்பது தீவுக்கு அப்பால் உள்ள கடலடி மேடு. கிழவர் ஒலிவாங்கியை எடுத்தார். எல்லாப் படகும் கேட்கிற அலைவரிசையில், வாழ்நாளெல்லாம் மூடிவைத்த சிக்கும் இடங்களை, ஞாபகம் வந்த அளவுக்கு, ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆண்டவர்தான் அந்த வாயைத் திறந்தார் என்று நினைத்தேன்.

சொல்லி முடிய வேறொரு குரல் வந்தது.

"ஒட்முண்ட், நான் தொர்கில்ஸ். திட்டுக்கு மேற்க எத்தினை இடம் குறிச்சு வைச்சிருந்தனி?"

"நாலு."

"மூண்டுதானே சொன்னனி?"

"மூண்டுதான் ஞாபகம் வருது. உன்ர மடி கிழிஞ்ச இடம் எது?"

"நீ ரெண்டாவதாச் சொன்னதுதான்."

"மற்றது ஆருக்காவது தெரியுமோ? தெரிஞ்சால் சொல்லுங்கோ."

ரேடியோ வெறுமனே இரைந்தது.

"ஷூர், மடியைப் போடாத."

"போட்டிட்டன் அப்பா."

"தூக்கு. உடன தூக்கு."

"தூக்கத்தான் பாக்கிறன். கம்பி வருகுதில்லை. படகு பின்பக்கமா அமருது."

"கம்பியை விடு மகன்! மடி போனால் போகட்டும், விடு!"

ஷூரின் பக்கமிருந்து இரைச்சல் மட்டும் வந்தது. யன்னலால் பார்த்தேன். தொர்கில்ஸின் படகு துறைமுகத்தை விட்டு அலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒட்முண்ட் ஒலிவாங்கியைக் கீழே வைக்கவே இல்லை. "விடு மகன், விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.