ஒன்றரை மணி என்றால் எத்தனை மணி?

டிக்கெட் போடும் வேலையில் விரலுக்கு வலி கொஞ்சம்தான், தொண்டைக்குத்தான் ஓய்வே கிடையாது. கவுன்ட்டரில் உட்கார்ந்து நொந்துபோன என் சக ஜீவன்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு டிராவல்ஸில் பன்னிரண்டு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

மேப்போடு வந்த மாமா

ரிட்டையர் ஆன மாமா ஒருவர் மேப்பை விரித்து, ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் எவ்வளவு தூரம் என்றார். ரோட்டில் இருநூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும், மலைப்பாதை, பகல் முழுக்கப் போனாலும் போகும் என்றேன். ஃப்ளைட்டில்? முக்கால் மணி, கூடப்போனால் ஒரு மணி. மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"முக்கால் மணில போற ஊருக்கு டிரைவர் நாள் பூரா எடுத்துக்கறானா? நடுவுல எங்கம்மா போய் உக்காந்துக்கறான்?"

அண்ணாச்சி கேட்டது

அதே வாரம் செல்லையா அண்ணாச்சி டெல்லியிலிருந்து போன் பண்ணினார். தாராவியில் பேக் கடை வைத்திருப்பவர், சரக்கு எடுக்கப் போயிருந்தார். காசியில் பேங்க் வேலை பார்க்கும் மகளுக்கு மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஆபரேஷன். முதல் பிரசவம். தாயில்லாப் பிள்ளை, மருமகன் கப்பலில். ரோட்டில் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் என்றதும் "ஏ யப்பா!" என்று அலறினார்.

காலை பதினோரு மணி ஃப்ளைட்டில் டிக்கெட் போட்டு அவர் போனுக்கு அனுப்பினேன். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் படிக்க வராது. "ஃப்ளைட் டைம் என்னம்மா?" என்றார். எவ்வளவு நேரம் பறக்கும் என்றுதானே எல்லாரும் கேட்கிறார்கள்? "ஒன்றரை மணி" என்றேன்.

"சரிம்மா, அப்பம் சாவகாசமாக் குளிச்சிச் சாப்புட்டுட்டே போயிருதேன்."

ஏர்போர்ட்டிலிருந்து

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் போன். "ஒன்றரை மணி ஃப்ளைட்டுன்னு சொன்னியே, அது பதினோரு மணிக்கே போயிட்டுன்னு சொல்லுதாவளே!"

நான் சொன்னது பறக்கிற நேரம், அவர் காதில் விழுந்தது மத்தியானம் ஒன்றரை. அரே தேவா! 'நேரம்' என்ற ஒரு சொல்லை முழுங்கித் தொலைத்தேனே! அடுத்த ஃப்ளைட் சாயங்காலம் ஆறு மணிக்கு. டாக்சி பிடிக்கட்டுமா என்றார். அது போய்ச் சேர நடுராத்திரி ஆகும், ஆறு மணி ஃப்ளைட்டிலேயே போடுகிறேன் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றாகத் திட்டியிருந்தாலாவது தேவலை, மனுஷன் திட்டவும் இல்லை.

"நாலு மணிக்கு எம்புள்ள வாசலயேல்லாம்மா பாத்துக்கிட்டுப் படுத்திருப்பா?"

ரிட்டர்ன் டிக்கெட்

மூன்றாம் நாள் அவர் நம்பரைப் பார்த்ததும் திட்டு வாங்கத் தயாரானேன். பேத்தி பிறந்திருக்கிறாள், இருவரும் சௌக்கியம், ரிட்டர்ன் டிக்கெட் போடு என்கிறார்! இத்தனைக்குப் பிறகு என்னிடமேயா? வாய் சும்மா இருக்குமா, ஆபரேஷனுக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"யாரும் இல்லன்னு அவளே போட்டுட்டு உள்ள போயிருக்காம்மா. இனிமே எங்கிட்ட டைம் சொல்லாத தாயி, எப்பம் வீட்ட விட்டுக் கெளம்பணும்னு மட்டும் சொல்லு."

இப்போதெல்லாம் பறக்கும் நேரத்தை நிமிஷத்தில்தான் சொல்கிறேன், தொண்ணூறு நிமிஷம் என்றால் எத்தனை மணி என்று கேட்கிறவர்களிடம் மட்டும் வாயைத் திறப்பதே இல்லை.